மெம்பிஸ் ஜக் பேண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் 1927 முதல் 1934 வரை எண்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை இசைத்தட்டில் பதிந்த கறுப்பினக் குழு இது. முதற்பாதி கேள்விகள் குழுவின் வரலாறு பற்றியவை. பிற்பாதி, அந்த இசையை வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் பழைய பதிவுகளைச் சேகரிக்கிறவர்களுக்கும்.

ஜக் பேண்ட் என்றால் என்ன? கடம் மாதிரி ஏதாவதா?

இல்லை. கடம் தட்டி வாசிப்பது, ஜக் ஊதி வாசிப்பது. ஜக் என்று இங்கே சொல்வது சாப்பாட்டு மேசைத் தண்ணீர் ஜக்கை அல்ல. குறுகிய கழுத்தும் ஒற்றைக் காதும் உள்ள, விஸ்கியும் வெல்லப்பாகும் அடைத்து விற்ற கனத்த பீங்கான் ஜாடியை. உதட்டை அதிரவைத்து அதன் வாய்க்கு நேரே ஊதினால் அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஒரு சத்தம் வரும். டூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியோ பெரிய நின்றுவாசிக்கும் பாஸோ வாங்கப் பணமில்லாத இடத்தில் அந்த உறுமல் பாஸ் வேலையை, அதாவது அடிச்சுரம் தரும் வேலையைச் செய்தது. அதைச் சுற்றி கிடார், மவுத் ஆர்கன், கஸூ (முனகினால் சவ்வு நடுங்கிச் சத்தம் தரும் சின்னக் குழல்), சில சமயம் பிடில், மாண்டலின், துணி துவைக்கும் தகரப் பலகை.

நகரத்துத் தெருவில் வாசித்தவர்கள்தானே, இவர்களை ஏன் கன்ட்ரி ப்ளூஸில், அதாவது கறுப்பினத்தாரின் நாட்டுப்புற ப்ளூஸ் பாட்டு மரபில் சேர்க்கிறார்கள்?

1920-களில் நகரத்து ப்ளூஸ் என்றால் பெரும்பாலும் பியானோவும் ஜாஸ் குழுவும் பின்னணி வாசிக்க, மேடையில் ஒரு பெண் பாடுவது. கம்பிக் கருவியும் கையில் கிடைத்த பொருளும் வைத்து ஆண்கள் பாடியது வேறு மரபு. மெம்பிஸ் பருத்திச் சந்தை. மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர். சுற்றுப்பட்ட மாநிலங்களின் வயற்காட்டிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள். இக்குழுவின் சார்லி பர்ஸ் அலபாமாவின் டிகேட்டரில் பிறந்தவர். போட்டிக் குழுவின் கஸ் கானன் மிசிசிப்பியின் ரெட் பேங்க்ஸ் ஊர்க்காரர். ஆகவே ஊர் நகரம், சரக்கு நாட்டுப்புறம். ஆனால் இவர்கள் ப்ளூஸ் மட்டும் வாசிக்கவில்லை. வால்ட்ஸ் (மூன்றடித் தாள நடன இசை), ராக்டைம் (தாளம் தள்ளித் தள்ளி விழும் துள்ளல் மெட்டு), நகைச்சுவைப் பாட்டு, நடன மெட்டு எல்லாம் பட்டியலில் இருந்தன. ப்ளூஸ் குழு என்று மட்டும் நினைத்துக் கேட்பவர்களுக்குப் பாதித் தட்டுகள் ஏமாற்றமாக இருக்கும். குற்றம் தட்டின் மேல் இல்லை.

குழுவைத் தொடங்கியது யார்?

வில் ஷேட். 1898-இல் மெம்பிஸில் பிறந்தவர். பாட்டி ஆனி பிரிம்மர் வளர்த்ததால் ஊரில் 'சன் பிரிம்மர்' என்றே அழைத்தார்கள். கிடார், மவுத் ஆர்கன், குப்பைத்தொட்டியில் கயிறு கட்டிய பாஸ் மூன்றும் வாசிப்பார்.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் ஜக் குழுக்களைத் தட்டில் கேட்டு, இது மெம்பிஸிலும் விலைபோகும் என்று கணித்துக் குழு சேர்த்தார். அவர் 1925-இல் டிக்ஸிலேண்ட் ஜக் புளோயர்ஸ் குழுவின் தட்டைக் கேட்டார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஆண்டு பொருந்தாது. அந்தப் பெயரில் தட்டு பதிவானதே 1926 டிசம்பரில்தான். லூயிவில் ஜக் இசை 1924-லேயே பாடகி சாரா மார்ட்டினின் தட்டுகளில் வந்துவிட்டது. 1925 சரியென்றால் அவர் கேட்டது அவற்றையாக இருக்கலாம். டிக்ஸிலேண்ட் சரியென்றால் ஆண்டு தள்ளிப்போகும்.

முதல் பதிவு எப்போது, யாருக்கு?

1927 பிப்ரவரி 24, மெம்பிஸின் மெக்கால் கட்டடம், விக்டர் நிறுவனம். பொறுப்பாக வந்திருந்தவர் ரால்ஃப் பீர். அன்றைக்கு நால்வர்: ஷேட் மவுத் ஆர்கனும் கிடாரும், வில் வெல்டன் கிடார், பென் ரேமி கஸூ, சார்லி போக் ஜக். நான்கு பாடல்கள் பதிவாயின. அவற்றில் ஒன்றுக்கு ஷேடின் பட்டப்பெயரையே வைத்தார்கள். விற்பனை பிடித்திருந்ததால் அதே ஆண்டு ஜூனில் சிகாகோவுக்கும் அக்டோபரில் அட்லாண்டாவுக்கும் குழுவை வரவழைத்தார்கள். தெருவில் வாசித்த ஒரு குழுவுக்கு ஒரே ஆண்டில் மூன்று ஊரில் பதிவு என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

உறுப்பினர்கள் பட்டியல் ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறதே, எது சரி?

எல்லாமே சரியாக இருக்கலாம். இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. மெம்பிஸ் ஜக் பேண்ட் என்பது நிலையான நான்கைந்து பேர் அல்ல. அது வில் ஷேட் நடத்திய ஒரு பெயர். எந்த நாளில் எந்த வேலைக்கு யார் தேவை, யார் ஊரில் இருக்கிறார், யார் குடிக்காமல் வருவார் என்று பார்த்து ஆள் சேர்ப்பது அவர் வேலை. ஒரே நேரத்தில் இரண்டு கோஷ்டிகள் அதே பெயரில் ஊரின் இரு மூலைகளில் வாசித்திருக்கவும் கூடும். மவுத் ஆர்கனில் அவரைவிடத் திறமைசாலிகள் அதே தெருவிலேயே இருந்தார்கள். ஆளையும் பாட்டையும் பொருத்துவதில் அவருக்கு இணை இல்லை.

நினைவில் வைக்கவேண்டிய பெயர்கள் சில. 1928-இல் சேர்ந்த சார்லி பர்ஸ், நான்கு கம்பி டெனர் கிடாரும் பாட்டும். குழுவின் குதூகலக் குரல் அவருடையதுதான். ஜாப் ஜோன்ஸ், ஜக், தேவைப்பட்டால் பியானோ. வால் ஸ்டீவன்ஸ், பாஞ்சோ-மாண்டலின். ஹாட்டி ஹார்ட், கணீரென்ற பெண்குரல். ஷேடின் மனைவி ஜென்னி மே கிளேட்டனும் பாடியிருக்கிறார். 1930 மே மாதப் பதிவில் பாடிய மெம்பிஸ் மின்னி பிற்பாடு குழுவையே மிஞ்சிய புகழ் பெற்றார்.

ஓர் எச்சரிக்கை. முதல் பதிவில் கிடார் வாசித்த வில் வெல்டனும், 1930-களில் ஸ்லைடு கிடாரால் பெயரெடுத்த கேஸி பில் வெல்டனும் ஒருவரே என்று பழைய நூல்களில் இருக்கும். இப்போதைய ஆய்வாளர்கள் இருவரையும் வேறு வேறு ஆட்களாகவே கொள்கிறார்கள்.

அதே ஆட்கள் வேறு குழுப் பெயர்களிலும் தட்டு வெளியிட்டார்களா?

ஆம். விக்டரிலேயே 1930-இல் 'மெம்பிஸ் ஷீக்ஸ்', 'கரோலினா பீநட் பாய்ஸ்' என்று சில தட்டுகள் வந்தன. 1932-இல் இந்தியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜெனட் நிறுவனத்தின் சாம்பியன் லேபிளுக்குப் பதிந்தபோது, கறுப்பினக் குழந்தைகளை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்லைச் சேர்த்து 'பிக்கனினி ஜக் பேண்ட்' என்று அச்சிட்டார்கள். ஒரே குழுவின் தட்டுகளைப் பல குழுக்களுடையவை போலச் சந்தையில் இறக்குவது அன்றைய வழக்கம். பட்டியல் தயாரிக்கிறவர்கள் லேபிள் பெயரை நம்பாமல் பதிவு நாளையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் பிடித்துப் போகவேண்டும்.

மேட்ரிக்ஸ் எண்ணை எப்படிப் படிப்பது?

விக்டர் தட்டில் இரண்டு எண்கள் உண்டு. லேபிளில் பெரிதாக இருப்பது விற்பனை எண். இரு பக்கத்துக்கும் அது ஒன்றே. மேட்ரிக்ஸ் எண் ஒவ்வொரு பாடலுக்கும் தனி, பதிவேட்டில் இருப்பது. 'பிவிஇ' என்று தொடங்கினால், பி பத்து அங்குலத் தட்டு, விஇ விக்டரின் மின்பதிவு. கடைசியில் கோடிட்டு வரும் 1, 2 எத்தனையாவது முறை பாடியது என்பதைச் சொல்லும். ஒரே பாடலின் இரண்டு முறைகளும் இன்று கிடைக்கிற இடங்களில் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். சொற்களும் இடையிசையும் மாறும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்றுப் பதிவுகளின் இணையப் பட்டியலில் நாள், ஊர், எண் எல்லாம் தேடலாம்.

பணம் எங்கிருந்து வந்தது? தட்டு விற்பனையா?

தட்டு பெயரைக் கொடுத்தது. சோறு பெரும்பாலும் நேரில் வாசித்ததில் வந்தது. மெம்பிஸில் கறுப்பின இசைக்குப் பேர்போன பீல் தெரு, அங்குள்ள பூங்கா, ஆற்றில் ஓடிய உல்லாசப் படகுகள், மருந்து விற்கும் ஊர்சுற்றிக் கூத்துகள், வெள்ளையர் வீட்டு விருந்துகள். நகர அரசியலைக் கைக்குள் வைத்திருந்த இ.எச். கிரம்ப்பின் விழாக்களிலும் வாசித்தார்கள். பாட்டுப் பட்டியல் ஏன் அத்தனை கலவை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. விருந்துக்கு வால்ட்ஸ், தெருவுக்கு இரட்டை அர்த்தப் பாட்டு.

தட்டுப் பக்கத்தில் கணக்கு வேறு மாதிரி. பீர் விக்டரிடம் பெயரளவுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பதிவாகும் பாடல்களின் இயற்றுரிமையைத் தன் வெளியீட்டு நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டார். 1928-இல் அது சதர்ன் மியூசிக் என்ற பெயரில் அமைந்தது. அவருக்கு லாபம், யாரும் ஏற்கெனவே உரிமை பதியாத 'புதுப் பாட்டில்' மட்டுமே. எனவே புதுப் பாட்டோடு வருகிறவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஊரெல்லாம் தெரிந்த மெட்டுக்கு ஷேட் குழு புது வரி போட்டுப் புதுப் பெயர் வைத்ததற்குக் காரணத்தைக் கலையில் மட்டும் தேடினால் கிடைக்காது.

அன்றைய பதிவு எப்படி நடந்தது?

மின்பதிவு 1925-இல்தான் வந்தது. அதற்குமுன் பெரிய கூம்புக்குள் பாடவேண்டும். ஜக்கின் அடிச்சுரம் அதில் சரியாக ஏறாது. மைக் வந்தபின்பே இந்தக் குழுக்கள் தட்டில் உருப்படியாகக் கேட்டன. ஜக் பேண்டுகளின் பொற்காலம் மின்பதிவு வந்த இரண்டாம் ஆண்டில் தொடங்கியது தற்செயல் அல்ல.

ஊர் ஊராகப் போன பதிவுக் குழு ஒரு கட்டடத்தில் அறை பிடித்து, எதிரொலி அடங்கத் திரைச்சீலை தொங்கவிடும். கனத்த மெழுகுத் தட்டில் பாடல் வெட்டப்படும். வெட்டும் சுழல்மேடையை மின்மோட்டார் அல்ல, கயிற்றில் தொங்கிய எடை மெல்ல இறங்கிச் சுற்றியது. மின்சாரம் ஏறி இறங்கினாலும் வேகம் மாறாதிருக்க இந்த ஏற்பாடு. பத்து அங்குலத் தட்டில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் இடம். விளக்கு எரிந்தால் தொடங்கவேண்டும், நேரத்துக்குள் முடிக்கவேண்டும். தெருவில் கால் மணி நேரம் இழுக்கிற நடனப்பாட்டு தட்டில் ஐந்தாறு கண்ணிகளாகச் சுருங்கியது இதனால்.

ஒலி அளவைப் பிற்பாடு திருத்த வழியில்லை. யார் சத்தம் அதிகமோ அவரை மைக்கிலிருந்து தள்ளி நிறுத்துவதுதான் கலவை. கஸூ மைக்குக்குக் கிட்டே வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு கேட்கும்; ஜக் நேராக மைக்கைப் பார்த்தால் காற்றுத் தாக்கி வெட்டும் ஊசி துள்ளிவிடும். ஆகவே ஜக்காரர் சற்றுப் பக்கவாட்டில். தட்டுகளைக் கவனித்துக் கேட்டால் யார் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதையே ஓரளவு ஊகித்துவிடலாம்.

1930-க்குப் பின் பதிவு ஏன் அறுந்துபோனது?

பொருளாதாரப் பெருமந்தம். அமெரிக்காவில் 1927-இல் 10 கோடியைத் தாண்டியிருந்த தட்டு விற்பனை 1932-இல் 60 லட்சம் அளவுக்கு விழுந்தது. ஒரு தட்டு 75 சென்ட். வேலை போன குடும்பம் முதலில் நிறுத்தும் செலவு அது. வானொலியோ வாங்கியபின் இலவசம். ஊர்ஊராகப் போய்ப் பதிவதை நிறுவனங்கள் வெட்டின. விக்டரோடு குழுவின் கணக்கு 1930-உடன் முடிந்தது. 1932 சாம்பியன் தட்டுகள் மந்தத்தின் அடிமட்டத்தில் வந்தவை; விற்றது சொற்பம், இன்று கிடைப்பதும் அரிது.

1934 நவம்பரில் சிகாகோவில் ஓகே நிறுவனத்துக்காகக் கடைசிப் பெரிய பதிவு. சார்லி பியர்ஸின் பிடில், ஜாப் ஜோன்ஸின் பியானோ, ராபர்ட் பர்ஸின் தாளம் எனக் குழு அதுவரை இல்லாத வேகத்தோடு வாசித்தது. எங்கள் கணிப்பில் ஆட்டத்துக்கு ஏற்ற தட்டுகள் இவையே. ப்ளூஸின் கனத்தைத் தேடுகிறவர்கள் 1928–29-க்குத்தான் போகவேண்டும். ஆனால் காலம் மாறிவிட்டது. சந்தை பியானோவும் கிடாரும் சேர்ந்த நகரத்து ப்ளூஸையும் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையையும் கேட்டது. ஜக், பழைய ஊர்க்கூத்தின் அடையாளமாகிவிட்டது. பர்ஸே 1939-இல் 'மெம்பிஸ் மட்கேட்ஸ்' என்று புதுக் குழுவோடு பதிந்தபோது ஜக்கைக் கைவிட்டு சாக்ஸபோன் சேர்த்தார்.

அதன்பின் என்ன ஆனார்கள்?

குழு கலையவில்லை. தட்டு நின்றதே தவிர, பீல் தெருவில் வாசிப்பு நிற்கவில்லை. 1956-இல் ஆய்வாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் தேடி வந்தபோது ஷேட் அங்கேதான் வறுமையில் இருந்தார். ஷேடும் பர்ஸும் சேர்ந்து வாசித்ததை அவர் பதிந்தார். 1963-இல் ஸ்டாக்ஸ் நிறுவனம் கஸ் கானனின் ஆல்பத்தைப் பதிந்தபோது ஜக் வாசித்தவர் ஷேட். பர்ஸ் 1965 டிசம்பரிலும் ஷேட் 1966 செப்டம்பர் 18-லும் இறந்தார்கள்.

இதற்கிடையில் வெள்ளை இளைஞர்கள் அந்த இசையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1952-இல் ஃபோக்வேஸ் வெளியிட்ட ஹாரி ஸ்மித்தின் நாட்டுப்புற இசைத் தொகுப்பில் இக்குழுவின் இரு பாடல்கள் இருந்தன, தொடக்கம் அங்கே. 1963-இல் ஜிம் குவெஸ்கின் ஜக் பேண்ட் வந்தது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் முதல் தனித்தட்டு, 1966-இல் வெளிவந்தது, இவர்கள் 1928-இல் பதிந்த 'ஸ்டீலின் ஸ்டீலின்'. அதனால் ஷேடுக்கு வருமானம் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பாட்டின் உரிமைக் கணக்கு எப்போதோ கைமாறியிருந்தது.

கானன்ஸ் ஜக் ஸ்டாம்பர்ஸோடு ஒப்பிட்டால்?

மெம்பிஸ் ஜக் பேண்டின் தட்டு விற்றதைப் பார்த்து பீர் சேர்த்த அடுத்த குழு கஸ் கானனுடையது. 1928 ஜனவரியில் முதல் பதிவு, 1930-உடன் நின்றது. மூவர் குழு, சிக்கனமான ஒலி. கானன் பாஞ்சோ வாசித்துக்கொண்டே, கழுத்தில் மாட்டிய மண்ணெண்ணெய் டின்னில் ஜக் ஊதுவார். நோவா லூயிஸின் மவுத் ஆர்கன் அந்த நாளைய மெம்பிஸில் யாருக்கும் எட்டாத உயரம். ஆழம் வேண்டுமென்றால் கானன், கொண்டாட்டம் வேண்டுமென்றால் ஷேட் என்று சுருக்கமாகச் சொல்லலாம். கானன் குழுவின் 'வாக் ரைட் இன்' பாட்டை 1963-இல் ரூஃப்டாப் சிங்கர்ஸ் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். கானன் அப்போது தன் பாஞ்சோவை அடகு வைத்திருந்தார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1929-இன் 'கே.சி. மோன்'. இரயிலூதலைக் கேட்டு ஏங்கும் பாட்டு, இரண்டு குரல்கள், அவசரமே இல்லை. பிறகு 1928-இன் 'ஸ்டீலின் ஸ்டீலின்'. ஹாட்டி ஹார்ட்டுக்காக 1930-இன் 'கொகெய்ன் ஹாபிட் ப்ளூஸ்'. கடைசியாக 1934 ஓகே பதிவுகளில் 'மெம்பிஸ் ஷேக்டவுன்'. இந்த நாலும் பிடிக்கவில்லை என்றால் மீதி எழுபத்துச் சொச்சமும் பிடிக்காது. முழுத் தொகுப்பு வேண்டுவோருக்கு டாக்குமென்ட் ரெக்கார்ட்ஸ் காலவரிசைப்படி வெளியிட்ட குறுந்தகடுகள் இருக்கின்றன.

ஜக் ஊதுவது எப்படி?

ஜாடியை முதலில் தொடவே வேண்டாம். உதடுகளை லேசாகச் சேர்த்து, டிராம்போன்காரர்போல 'ப்ர்ர்ர்' என்று அதிரவைத்துப் பழகுங்கள். அந்த அதிர்வில் ஷட்ஜமும் பஞ்சமமும் காதுக்குத் தெளிவாக வரும்வரை ஒரு வாரமாவது ஆகும். சுரம் உண்டாவது உதட்டில். ஜாடி அதைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். உதட்டில் இல்லாத சுரம் ஜாடியில் வராது.

ஜாடி ஏறத்தாழ 3.8 லிட்டர், அதாவது ஒரு கேலன், வாய்விட்டம் 2.5 முதல் 3.5 செ.மீ. கெட்டியான கண்ணாடி அல்லது மெருகிட்ட பீங்கான் நல்லது. ஊறுகாய் ஜாடி வேண்டாம். வாய் அகலம், அதிர்வு சிதறிவிடும். பிளாஸ்டிக் கேனின் சுவரே அதிர்ந்து சத்தத்தைத் தின்றுவிடும். தகர டின் வேலை செய்யும், ஆனால் ஒலி கரகரக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

ஜாடியின் வாய் கீழுதட்டுக்கு 1 முதல் 3 செ.மீ. தள்ளி, சற்றுச் சாய்ந்து இருக்கட்டும். அதிரவைத்துக்கொண்டே ஜாடியை மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் சத்தம் திடீரென்று பெருகி ஜாடி கையில் நடுங்கும். அந்தத் தூரத்தைக் கைப்பழக்கமாக்குங்கள். பிறகு பாட்டுத் தாளத்தின் முதல், மூன்றாம் அடிகளில் மட்டும் குட்டையாக ஊதுங்கள். ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போவது பிற்பாடு தானாக வரும்.

ஒரே சுரம்தான் வருகிறது. அல்லது காற்றுச் சத்தம்தான் வருகிறது. ஏன்?

ஒரே சுரம் என்றால் சோடா பாட்டில் விளிம்பில் ஊதுவதுபோல ஊதுகிறீர்கள், உதடு அதிரவில்லை. வெறும் காற்று என்றால் தூரம் அதிகம், அல்லது ஜாடி வாய்க்கு நேராக இல்லை. ஏதோ ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு முழங்கினால் அது ஜாடியின் சொந்த ஒத்ததிர்வு, கோளாறு இல்லை. அந்தச் சுரம் பாட்டுக்கு ஒவ்வாததாக இருந்தால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், உயரும். உதட்டை ஜாடியில் ஒட்டிவைத்தால் காற்று திரும்பி அடித்து அதிர்வு செத்துவிடும்.

தலைசுற்றினால் உடனே நிறுத்தவும். வேகமாக, ஆழமாக ஊதி இரத்தத்தில் கரியமிலவாயு குறைவதால் வருவது அது. உட்கார்ந்து பழகுங்கள், இரண்டு பாட்டுக்கு ஒரு பாட்டு ஓய்வு. தட்டுகளில் ஜக் பல இடங்களில் ஒரு கண்ணி முழுக்க மௌனமாக இருப்பதைக் கவனியுங்கள்.

ஷேட் வாசித்த தொட்டி பாஸை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். சுமார் 50–60 செ.மீ. விட்டமுள்ள இரும்புத் தகரத் தொட்டி, 120–130 செ.மீ. விளக்குமாற்றுக் கம்பு, 4–5 மி.மீ. பருத்திக் கொடிக்கயிறு, கண் உள்ள ஒரு போல்ட், இரண்டு பெரிய வாஷர், ஒரு நட்டு. தொட்டியைக் கவிழ்த்து அடிப்பகுதியின் நடுவில் துளையிட்டு, மேலும் கீழும் வாஷர் வைத்து போல்டை முறுக்குங்கள். வாஷரை விட்டால் ஒரு மாலைக்குள் தகரம் கிழியும். கம்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் செதுக்கித் தொட்டி விளிம்பில் பொருத்துங்கள். கயிற்றின் ஒரு முனையை போல்டின் கண்ணிலும் மறுமுனையைக் கம்பின் மேல்முனையிலும் கட்டுங்கள். கம்பு நேராக நிற்கும்போது கயிறு சற்றுத் தளர்ந்திருக்கவேண்டும். பின்னால் சாய்த்தால் இறுகிச் சுரம் ஏறும். தொட்டியின் ஒரு பக்கத்தைச் செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டியிருந்தால் உள்ளே பிறக்கும் ஒலி வெளியே வராது. எதிர்விளிம்பை ஒரு காலால் மிதித்துக்கொள்ளவேண்டும். நைலான் கயிறு இழுபட்டுக்கொண்டே போகும், சுரம் நிற்காது. இழுக்கும் கைக்குத் தோல் கையுறை.

கஸூவும் மவுத் ஆர்கனும்?

கஸூவில் ஊதக்கூடாது, முனகவேண்டும். 'தூ' என்று பாடினால் மேலே உள்ள சவ்வு நடுங்கும். சத்தம் வரவில்லையென்றால் சவ்வு ஈரமாகியிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். மெழுகுத்தாளை வட்டமாக வெட்டி மாற்றலாம்.

மவுத் ஆர்கனில் ப்ளூஸ் வாசிக்க, பாட்டு ஜி சுருதியில் என்றால் சி கருவியை எடுத்து மூச்சை உள்ளிழுத்து வாசிப்பார்கள். சுரத்தை வளைக்க அதுதான் வசதி. ராக்டைம் பாட்டில் பலர் தடுக்குவது வேறிடத்தில். இந்தக் குழு விரும்பிய கார்டுச் சுற்று (கார்டு என்றால் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), சி சுருதியில் சொன்னால், சி – ஏ செவன் – டி செவன் – ஜி செவன். சி கருவியை நேர்நிலையில், அதாவது சி சுருதிப் பாட்டுக்கே, வாசிக்கும்போது ஏ செவன் மேல் சி சுரத்தையும், டி செவன் மேல் எஃப் சுரத்தையும் நீட்டிப் பிடித்தால் நாராசமாகும். அந்தக் கார்டுகளுக்கு வேண்டியது அவற்றின் அரைச்சுரம் மேலே. நீட்டாமல் கடந்துபோங்கள், அல்லது இரண்டுக்கும் பொதுவான ஏ சுரத்தில் நில்லுங்கள்.

தட்டோடு சேர்ந்து வாசித்தால் சுருதி சேரவில்லை. யார் தப்பு?

யாருடையதும் அல்ல. அவர்கள் ஒருவருக்கொருவர் சுருதி சேர்த்தார்களே தவிர ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற இன்றைய அளவுகோலுக்கு அல்ல. மேலும் பழைய தட்டை மின்கோப்பாக்கியவர் எந்த வேகத்தில் ஓடவிட்டாரோ அதையும் பொறுத்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுக்குப் பதில் ஏறத்தாழ 82.6 என்றால் முழு அரைச்சுரம் உயர்ந்துவிடும். கணினியில் வேகத்தை ஓரிரு விழுக்காடு நகர்த்தி, கிடாரின் திறந்த கம்பிகள் எங்கே ஒலிக்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். வேகம், சுருதி இரண்டையும் சேர்த்தே நகர்த்தவேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் வசதி ஜக்கின் ஒலியைக் கெடுக்கும்.

அசல் 78 தட்டு கிடைத்தால் சாதாரண இசைத்தட்டுக் கருவியில் போடலாமா?

வேகம் 78 இருந்தாலும் ஊசி பொருந்தாது. நீண்ட தட்டுக்கான (எல்.பி.) ஊசிமுனை அகலமான பழைய பள்ளத்தின் அடியில் தவழ்ந்து இரைச்சலைத்தான் எடுக்கும். 3 மில், அதாவது சுமார் 76 மைக்ரான் முனையுள்ள தனி ஊசி வேண்டும். கருவியில் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைத் திருத்தும் ஆர்.ஐ.ஏ.ஏ. சமன் 1950-களுக்கானது, அதன் வழியே 1920-களின் தட்டு மந்தமாகக் கேட்கும், உச்சத்தைக் கூட்டிக்கொள்ளவேண்டும். கழுவும்போது ஆல்கஹால் கூடவே கூடாது, தட்டைச் செய்த அரக்கைக் கரைக்கும். சாவி கொடுக்கும் கிராமபோனில் போட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றினாலும்கூட.

இந்தப் பதிவுகளை என் காணொளியில் பயன்படுத்தலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1927–34 தட்டுகள் அதைத் தாண்டிவிட்டன. அமெரிக்காவில் கணக்கு வேறு. 2018-இன் சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுக்கு 100 ஆண்டு. எனவே 1927 தட்டுகள் அங்கே 2028 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமை, அதாவது யாரும் பயன்படுத்தலாம். பாட்டின் இயற்றுரிமை தனி. 1927-இல் வெளியானவை அமெரிக்காவில் 2023-இலும் 1928-இல் வெளியானவை 2024-இலும் விடுபட்டன. காணொளித் தளங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்தே தடுக்கும். நீங்களே வாசித்துப் பதிந்தால் தொல்லை குறைவு. தானியங்கி முறை தவறாக உரிமைகோரல் அனுப்பினால், பாடலின் வெளியீட்டு ஆண்டையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் குறிப்பிட்டு மறுப்பு அனுப்புங்கள்.